வாக்குரிமையும் முகச்சான்றும்

(நம் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இம்மேடையில் முன்னைய ஆண்டுகளில் யாம் காப்பியச் சுவையும் நீதிநூற் பொருளுமே பேசியுள்ளோம். ஆதலின், இவ்வாண்டு வாக்காளர் அட்டையைப் பற்றிப் பேசப் போகின்றோம் என்று அறிவித்தவுடன், 'பண்டிதர்க்கு இங்கே என்ன வேலை?' என்று அன்பர் சிலர் நகைத்தனர். அந்நகைப்பு எமக்கு உவப்பே. ஆயினும், பள்ளியாசிரியர்க்குத் தேர்தலென்பது நாளிதழிற் படிக்குஞ் செய்தி மட்டும் அன்று. இருபதாண்டுக்கு அணித்தாகத் தேர்தல்தோறும் ஏதேனுமொரு சிற்றூரின் வாக்குச்சாவடிக்குச் சென்று, முந்திய இரவு பள்ளிக்கூடத் தரையிற் படுத்து, விடியுமுன் எழுந்து, வருவார் முகத்தையும் அவர் கையிலுள்ள அட்டையையும் மாறி மாறி நோக்குந் தொழிலை யாம் செய்து வந்துள்ளோம். அவ்வாறு நோக்கி நோக்கி எம் உள்ளத்தெழுந்த எண்ணங்களையே இன்று உங்கள்முன் வைக்கின்றோம்.

சகுந்தலையின் கதையைத் தாய்மார் பலரும் அறிவீர்கள். துஷ்யந்தன் அளித்த கணையாழி நீரில் நழுவி வீழ்ந்தது. அதனை இழந்த சகுந்தலை அரசவை புக்கு நின்றபோது, அரசன் அவளை அறியேன் என்றான். மணம் நிகழ்ந்தது மெய். அவள் வயிற்றிற் கருவிருந்ததும் மெய். ஆயினும் கணையாழி இன்மையால் மணமே இன்மையாயிற்று. பின்னர் மீன் வயிற்றினின்று அம்மோதிரம் கிடைத்தபோது அரசன் நினைவு மீண்டான். அவளோ அவையிலிருந்து எப்போதோ வெளியேற்றப்பட்டிருந்தாள். இக்கதையை வகுப்பிற் கூறுந்தோறும் எமக்குத் தோன்றுவது ஒன்று. மோதிரம் மணத்திற்குச் சான்று. மணத்தை உண்டாக்கியது மோதிரமன்று. வாக்குரிமைக்கும் அதனைக் காட்டும் அட்டைக்கும் உள்ள உறவும் இத்தகையதே. இவ்விரண்டையும் ஒன்றென மயங்குமிடத்து யார் வாயிலில் நிறுத்தப்படுகின்றனர் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

முதலில் உரிமை எவ்வாறு வந்தது என்பதைச் சிறிது நோக்குவோம். 1937-இல் நடந்த மாகாணத் தேர்தல்களில் வோட்டுரிமை எல்லார்க்கும் இருந்ததில்லை. 1935-ஆம் ஆண்டின் இந்திய அரசாங்கச் சட்டப்படி நிலவரி செலுத்தினோர், சொத்துடையோர், எழுத்தறிவு பெற்றோர் முதலிய சிலர்க்கே அஃது இருந்தது. நம் முன்னோருள்ளும் வரிச்சீட்டு வைத்திருந்தவரே வாக்களித்தனர்; அவர் வயலில் உழுதவர் வரப்பில் நின்று பார்த்தனர். 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 326-ஆம் பிரிவு அவ்வேலியைப் பிடுங்கியெறிந்தது. வயது நிரம்பிய குடிமக்கள் யாவர்க்கும் வாக்குண்டு என்றது. அவ்வயது முதலில் 21; 1989 முதல் 18.

வேலி போயிற்று, ஆயினும் பட்டியல் ஒன்று வேண்டுமன்றோ? பட்டியலில் எழுதப்பட்ட பெயரே வாக்களிக்கும். 1951-52-இல் நடந்த முதற் பொதுத்தேர்தலுக்குப் பட்டியல் வகுத்தபோது ஒரு செய்தி நிகழ்ந்தது. வடமாகாணங்களிற் பெண்டிர் பலர் தம் பெயரைப் பிற ஆடவர்க்குச் சொல்லுதல் வழக்கமின்மையால், 'இன்னார் மனைவி' 'இன்னார் தாய்' என்றே எழுதச் செய்தனர். தலைமைத் தேர்தல் ஆணையராயிருந்த சுகுமார் சென், சொந்தப் பெயரின்றி ஒருவரைப் பட்டியலில் வைத்தல் இயலாது என்றார். ஏறத்தாழ 28 லட்சம் பெண்டிரின் பதிவுகள் நீக்கப்பட்டன. சென் அவர்கள் செய்தது முறையன்று என யாம் கூறத் துணியோம். அவ்வுறுதியால் அடுத்த தேர்தலிற் பெண்டிர் தம் பெயராலேயே வந்தனர் என்பாரும் உளர். ஆயினும், ஆளிருந்தும் உரிமையிருந்தும் அடையாளம் பொருந்தாமையின் அத்துணைப் பெண்டிர் வெளியே நின்றனர் என்பதை மறத்தலாகாது. இதற்குப் புகைப்படமும் வேண்டியதில்லை; பெயரொன்றே போதியதாயிற்று.

அந்நாளில் வாக்குச்சாவடியில் ஆளை எவ்வாறு அறிந்தனர்? முகமறிந்தவர் சொல்லால் அறிந்தனர். அடையாளங் காண்பதற்கு உதவியாகத் தக்கவரை அமர்த்திக்கொள்ளத் தலைமை அலுவலர்க்கு 1961-ஆம் ஆண்டுத் தேர்தல் நடத்தை விதிகளில் இடமுண்டு. நம் மாநிலத்தில் கர்ணமும் மணியக்காரரும் ஊரார் முகம் யாவும் அறிந்திருந்தனர். அப்பதவிகள் 1980-இல் ஒழிக்கப்பட்டன. அதற்காக யாரும் கண்ணீர் விட வேண்டுவதில்லை. முகமறிந்தவர், தமக்கு வேண்டாதவர் முகத்தை அன்றொருநாள் மட்டும் மறந்துவிடுதலும் கூடும். தெற்குத் தெருக்காரர் முகம் வடக்குத் தெருக்காரர்க்குத் தெரியாமற் போதலும் கூடும்.

அவ்விதிகளிலேயே மற்றொன்று உண்டு. எம் மனத்தை மிகவுங் கவர்ந்த விதி அது. வந்தவர் உண்மையாளர் அல்லர் என்று அபேட்சகரின் முகவர் ஒருவர் ஐயுற்றால், அவர் எழுந்து மறுப்புக் கூறலாம். ஆனால் முதலில் இரண்டு ரூபாயை மேசைமேல் வைத்தல் வேண்டும். பிறகு தலைமை அலுவலர் சுருக்கமாக விசாரிப்பார். ஐயுற்றவரிடம் சான்று கேட்கலாம், ஐயுறப்பட்டவரிடமும் கேட்கலாம். ஐயம் நிலைநாட்டப்படாவிடின் வந்தவர் வாக்களித்தே தீர்வார். வீண் மறுப்பென்று கண்டால் அவ்விரண்டு ரூபாய் அரசுக்குச் சேரும். பொறிவழி வாக்களிக்கும் இக்காலத்திற்கும் இம்முறையே வேறோர் எண்ணிட்டுக் கூறப்பட்டுள்ளது. இரண்டு ரூபாய் இன்று ஒரு பொருட்டன்று. ஆனால் அதன் உட்கருத்து மிகப் பெரிது. பட்டியலிற் பெயருள்ளவரை நம்புவதே முறை. நம்பாதவன் தன் ஐயத்திற்குக் காரணங் காட்டல் வேண்டும் என்பதே அவ்விதியின் உயிர். முகச்சான்று கட்டாயமாகும்போது இம்முறை தலைகீழாகின்றது. யாரும் ஐயுறாதபோதும் ஒவ்வொருவரும் தம்மைத் தாமே மெய்ப்பித்தல் வேண்டும் என்றாகின்றது. இஃது ஒரு சிறு மாற்றமன்று.

அவ்வாறாயின் முகச்சான்றே வேண்டாவோ என்று கேட்பீர்கள். அங்ஙனம் யாம் கூறவில்லை. ஆள்மாறாட்டம் நம் நாட்டிற் கற்பனைப் பூதமன்று. காலையிற் கூலிக்குப் போய் மாலையில் வாக்களிக்க வந்த ஏழை, 'உன் வோட்டு ஆயிற்று, போ' என்று திருப்பப்பட்ட செய்திகளை ஊர்தோறும் முதியோர் கூறக் கேட்டிருக்கின்றோம். அவ்வாறு வாக்கிழந்தோர் பெரும்பாலும் எளியோரே. இறந்தார் பெயரிலும் வெளியூர் சென்றார் பெயரிலும் வலியோர் வாக்கிட்டனர். மைசூரில் 1962 முதல் உருவாக்கப்படும் அழியாத மை, ஒருவர் இருமுறை வாக்களிப்பதைத் தடுக்கும். பிறர் பெயரில் ஒருமுறை வாக்களிப்பதைத் தடுக்கமாட்டாது. தம் வாக்கைப் பிறர் இட்டுவிட்டதாகக் கண்டவர்க்குத் தனிச்சீட்டொன்று அளிக்க விதியுண்டு. 49-பி என்னும் அவ்விதியைத் திரைப்படமொன்றினால் இளைஞர் பலரும் அறிந்தனர். ஆனால் அச்சீட்டு உறையிற் கிடக்கும். நீதிமன்றம் ஆணையிட்டாலன்றி எண்ணப்படமாட்டாது. ஆதலின் முகம் பொறித்த அட்டை எளியோரின் வாக்கைக் காத்த காவலனுமாயிற்று. இதனை மறைத்துப் பேசுதல் நேர்மையன்று.

அவ்வட்டையின் வரலாறு நீண்டது. 1960-இல் கல்கத்தா தென்மேற்குத் தொகுதியின் இடைத்தேர்தலையொட்டி முதன்முதல் முயன்று பார்த்தனர். வாக்காளருட் பலரைப் படமெடுக்க இயலாமற் போயிற்று. பெண்டிர் பலர் படமெடுத்துக்கொள்ள உடன்படவில்லை. அம்முயற்சி கைவிடப்பட்டது. 1979-இல் சிக்கிமில் வழங்கினர். பின்பு 1993 ஆகஸ்டுத் திங்களில், பாலக்காட்டிற் பிறந்தவரும் அப்போது தலைமைத் தேர்தல் ஆணையராயிருந்தவருமான டி. என். சேஷன், நாடெங்கும் அட்டை வழங்குமாறு ஆணையிட்டார். 1995-ஆம் ஆண்டு தொடங்கியபின் அட்டையில்லா மாநிலங்களில் தேர்தலே இல்லை என்றும் அறிவித்தார். அவரது உறுதி பாராட்டத்தக்கது. இவ்வொரு சொல்லோ அளவு கடந்தது. அரசு அட்டை வழங்காத குற்றத்திற்குக் குடிகள் வாக்கிழத்தல் எவ்வாறு பொருந்தும்? உச்ச நீதிமன்றம் இடைப்புகுந்தது. அட்டை முற்றும் வழங்கப்படாத நிலையிலேயே தேர்தல்கள் நடந்தன.

அந்நாளில் ஊர்ப் பள்ளிக்கூடங்களில் திரை கட்டி, வாக்காளரை வரிசையாக உட்காரவைத்துப் படமெடுத்ததை நம்மிற் பலர் நினைவுகூர்வீர்கள். அரசின் ஆள் மக்களிருக்கும் இடத்திற்கு வந்தான், படமெடுத்தான், அட்டையைக் கையிற் கொடுத்தான், காசு கேட்கவில்லை. படம் யார் படம் என்று அறியவொண்ணாதபடி கருத்திருந்தது என்பது வேறு செய்தி. எத்தனையோ ஏழைக் குடும்பங்களில் தாயின் முகம் பொறித்த முதற் காகிதம் அவ்வட்டையே. அவர் அதனைத் துணியிற் சுற்றிப் பெட்டியில் வைத்துக் காத்தனர். அட்டையில்லாதார்க்கும் வழியடைக்கப்படவில்லை. 2024 மக்களவைத் தேர்தலில் ஆதார், ஓட்டுநர் உரிமம், படமொட்டிய வங்கி அல்லது அஞ்சலகக் கணக்குப் புத்தகம், நூறுநாள் வேலை அட்டை, ஓய்வூதியச் சான்று, மாற்றுத்திறனாளி அட்டை என்றிவ்வாறு பன்னிரண்டு மாற்றுச் சான்றுகள் ஏற்கப்பட்டன. அட்டையிலுள்ள சிறு எழுத்துப் பிழைகளைப் பொருட்படுத்தலாகாது என்பதும் ஆணையத்தின் கட்டளை. முகச்சான்றால் வரும் இடர் நம் நாட்டில் வாக்களிக்கும் நாளன்று பெரிதாகத் தோன்றாமைக்கு இவையே காரணம்.

பெரிதன்று என்றோம், இல்லையென்றிலோம். முன்னர் வீடுதோறும் வழங்கிய படத்துடன் கூடிய வாக்காளர் சீட்டையே சான்றாகக் கொள்ளலாம் என்றிருந்தது. 2019-இல் அச்சீட்டு மட்டும் போதாது என்று ஆணையம் மாற்றியது. அவ்வாண்டு யாம் பணியாற்றிய சாவடிக்குத் திருப்பூரினின்று இரவு முழுதும் பேருந்திற் பயணஞ் செய்து வந்த தொழிலாளி ஒருவர், அச்சீட்டுடன் மட்டும் வந்து நின்றார். அட்டையும் பிறவும் திருப்பூர் அறையில் இருந்தன. பெயர் பட்டியலில் உள்ளது. பட்டியலில் உள்ள படமும் அவர் முகமே. ஊரார் அனைவரும் அவரை அறிவர். விதி இடந்தரவில்லை. அவர் யாரையும் வையவில்லை. வாயிலருகே சிறிது நேரம் நின்றார், பின்னர்ப் போய்விட்டார். கணக்கெடுப்பார் ஏட்டில் அவர் 'வாக்களிக்காதோர்' என்னும் தொகையுள் அடங்குவார். 'திருப்பப்பட்டோர்' என்றொரு கட்டம் அவ்வேட்டில் இல்லை.

மற்றொரு தேர்தலில் மூதாட்டி ஒருவர் வந்தார். அவர் காட்டிய அட்டையில் இருபதாண்டுக்கு முற்பட்ட முகம், தலைப்பெழுத்தும் பிழை. முகவர் ஒருவர் துள்ளியெழுந்து மறுத்தார். தலைமை அலுவலர் அமைதியாக இரண்டு ரூபாய் கேட்டார். முகவர் தம் சட்டைப்பையைத் தடவிப் பார்த்துவிட்டு அமர்ந்தார்! மூதாட்டி வாக்களித்துத் திரும்பும்போது, "செத்துப் போயிட்டேன்னு எழுதிட்டாங்களோன்னு பயந்துட்டேன் சாமி" என்று எம்மிடங் கூறிச் சென்றார்.

இனி, நம் நாட்டை விட்டுப் பிற நாடுகளில் இம்முறை எவ்வாறு நடக்கின்றது என்பதைப் பார்ப்போம். ஒப்புநோக்கினாலன்றி நம் நிலை விளங்காது.

அமெரிக்காவின் தென்மாநிலங்களில் வாக்களிப்பதற்குத் தலைவரி கட்டல் வேண்டும் என்றொரு விதி நெடுங்காலம் இருந்தது. கறுப்பினத்தாரையும் ஏழைகளையும் விலக்கவே அது பெரிதும் பயன்பட்டது. 1964-இல் அரசியலமைப்பின் 24-ஆம் திருத்தம் கூட்டாட்சித் தேர்தல்களிலும், 1966-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு மாநிலத் தேர்தல்களிலும் அவ்வரியை ஒழித்தன. பின்னர் 2005-இல் இந்தியானா மாநிலம், அரசு வழங்கிய முகச்சான்றைக் காட்டினாலன்றிச் சாவடியில் வாக்களித்தல் இயலாது எனச் சட்டஞ் செய்தது. அட்டை இலவசமே. ஆயின் அட்டை பெறப் பிறப்புச் சான்று வேண்டும். பிறப்புச் சான்றுக்குப் பணம் வேண்டும். அலுவலகஞ் செல்ல ஊர்தி வேண்டும். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. அம்மாநிலத்தில் வாக்குச்சாவடியில் ஆள்மாறாட்டம் நடந்ததாக ஒரு சான்றும் வழக்கேடுகளில் இல்லை என்று நீதிபதி ஸ்டீவன்ஸ் தம் தீர்ப்பிலேயே எழுதினார். எனினும் 2008 ஏப்ரலில் ஆறு நீதிபதிகள் அச்சட்டம் செல்லும் என்றனர், மூவர் மறுத்தனர்.

தீர்ப்பு வந்து சில நாட்களே கழிந்தன. மே திங்கள் 6-ஆம் நாள் அம்மாநிலத்துச் சவுத் பெண்டு என்னும் நகரில் கன்னியர் மடத்துத் துறவியர் ஏறத்தாழப் பன்னிருவர் வாக்களிக்க வந்தனர். எண்பதும் தொண்ணூறும் கடந்த மூதாட்டியர். ஊர்தி ஓட்டும் வயதன்று. ஆதலின் ஓட்டுநர் உரிமம் இல்லை. அவரைத் திருப்பியனுப்பிய அலுவலர் யார் தெரியுமோ? அதே மடத்தில் அவரோடு வாழும் மற்றொரு துறவி! அவர் ஒவ்வொருவர் முகத்தையும் பெயரையும் அறிவார். அறிந்தும் விதி தடுத்தது. முகத்தை அறிவதற்காக வந்த சட்டம், அறிந்த முகத்தையும் அறியாததாக்கிய விந்தையை இங்கே காண்கின்றோம்.

டெக்சாஸ் மாநிலம் 2011-இற் செய்த சட்டம் இன்னும் ஒருபடி மேற்சென்றது. துப்பாக்கி உரிமச் சீட்டு முகச்சான்றாகக் கொள்ளப்பட்டது; அரசுப் பல்கலைக்கழக மாணவர் அட்டை கொள்ளப்படவில்லை. எந்தச் சான்றை ஏற்பது, எதனை விடுப்பது என்னும் தெரிவிலேயே யார் வரவேண்டும், யார் வரவேண்டா என்னும் விருப்பம் ஒளிந்துகொள்ளுதல் கூடும். பதிவுபெற்ற வாக்காளருள் ஏறத்தாழ 6 லட்சம் பேரிடம் அச்சட்டங் கேட்ட சான்று இல்லை என்று 2014-இல் கூட்டாட்சி நீதிமன்றம் கண்டது. வழக்குகள் பல நடந்தபின், 2017-இல், தகுந்த தடையைக் கூறி உறுதிமொழி எழுதிக்கொடுத்தால் வேறு சான்றுகளுடன் வாக்களிக்கலாம் எனத் திருத்தினர்.

எதிர்வாதமும் கூறிவிடுதல் கடன். கான்டோனி, போன்ஸ் என்னும் பொருளியலறிஞர் இருவர் 2008 முதல் 2018 வரை அமெரிக்கத் தேர்தல்களை ஆராய்ந்து 2021-இல் ஓர் ஆய்வு வெளியிட்டனர். கடுமையான சான்றுச் சட்டங்களால் மொத்த வாக்குப்பதிவு குறையவில்லை என்று அதிற் கண்டனர். மோசடி குறைந்ததாகவும் காணவில்லை. இச்சட்டங்களைக் கண்டிப்பார் கூறும் பேரழிவும் நிகழவில்லை. போற்றுவார் கூறும் பெருநன்மையும் நிகழவில்லை. ஆயினும் தொகை குறையவில்லை என்பதனால் துறவியர் பன்னிருவர்க்கு வாக்கு வந்துவிடாது. வாக்குரிமை ஆளுக்கு ஒன்றாக அளிக்கப்பட்டதேயன்றித் தொகைக்கு அளிக்கப்பட்டதன்று.

இங்கிலாந்தின் நிலையைச் சுருங்கக் கூறுவோம். 2022-ஆம் ஆண்டுச் சட்டத்தால், 2023 மே 4-ஆம் நாள் உள்ளாட்சித் தேர்தலில் அங்கே முதன்முதல் முகச்சான்று கட்டாயமாயிற்று. சான்றின்றி வந்து திரும்பி, மீண்டும் வாராதவர் குறைந்தது 14,000 பேர் என அந்நாட்டுத் தேர்தல் ஆணையமே கணக்கிட்டது. திருப்பப்பட்டோரைக் கணக்கிடும் அவ்வழக்கம் நமக்கும் வேண்டும். முதியோரின் பேருந்துச் சலுகை அட்டை அங்கே செல்லும். இளைஞரின் புகைவண்டிச் சலுகை அட்டை செல்லாது என்று வைத்தனர். அச்சட்டம் நிறைவேறியபோது பிரதமராயிருந்த போரிஸ் ஜான்சனே 2024 மே திங்களில் சான்றை மறந்துவந்து திருப்பப்பட்டார்! அவர் வீடு சென்று எடுத்துவந்து வாக்களித்தார். அவர்க்கு வீடு அருகில். எம் திருப்பூர்த் தொழிலாளிக்கு அறை தொலைவில். கனடாவில் மட்டும் பழைய முறையின் மணம் இன்னும் வீசுகின்றது. சான்றில்லாதவர்க்காக, அதே சாவடியைச் சேர்ந்த வாக்காளர் ஒருவர் எழுத்தாற் சாட்சி கூறலாம். ஒருவர் ஒருவர்க்கு மட்டுமே கூறலாம். இம்முறையை நம் நாட்டிலும் ஆராய்தல் தகும் என்பது எம் கருத்து.

இவற்றையெல்லாம் ஒப்பிடுங்கால் எமக்குப் புலப்படுவது, அட்டை வேண்டுமா வேண்டாவா என்பதினும், அட்டை தேடும் சுமை யார் தோளில் உள்ளது என்பதே முதன்மையான வினா என்பதாம். அரசு வீடுதேடி வந்து கொடுத்தால் அஃது உரிமைக்கு வேலி. குடிகள் அலுவலகந்தோறும் அலைந்து பெறல் வேண்டுமாயின் அஃது உரிமைக்கு வரி.

அச்சுமை இப்போது நம் நாட்டிலும் தோள் மாறுகின்றதோ என்னும் ஐயம் எமக்கு உண்டு. சாவடியிலன்று, பட்டியலில். 2025 சூன் திங்களில் பீகாரிற் பட்டியலைச் சிறப்பாகத் திருத்தத் தொடங்கினர். 2003-ஆம் ஆண்டுப் பட்டியலில் இல்லாதவர்கள் தம் தகுதிக்குச் சான்று காட்ட வேண்டும் என்று கூறிப் பதினோர் ஆவணங்களை ஆணையம் வகுத்தது. அவற்றுள் ஆதார் இல்லை. ஆணையமே முகம் பொறித்துக் கொடுத்த வாக்காளர் அட்டையும் இல்லை! அட்டை பட்டியலினின்று பிறந்தது; பட்டியலையே புதிதாகச் செய்யும்போது அட்டை எவ்வாறு சான்றாகும் என்பது ஆணையத்தின் விடை. தருக்கத்திற்குப் பொருந்தும் விடைதான். ஆயினும் முப்பதாண்டு பெட்டியிற் காத்த அட்டையை எடுத்து நீட்டும் மூதாட்டிக்கு அத்தருக்கத்தை யார் விளக்குவார்? ஆகஸ்டு 1-ஆம் நாள் வெளிவந்த வரைவில் ஏறத்தாழ 65 லட்சம் பெயர்கள் இல்லை. இறந்தோரும் குடிபெயர்ந்தோரும் இருமுறை எழுதப்பட்டோரும் அவருட் பலர் என ஆணையங் கூறியது. விடுபட்ட பெயர்களைக் காரணத்துடன் வெளியிடுக என்றும், பின்னர்ச் செப்டம்பர் 8-ஆம் நாள் ஆதாரையும் பன்னிரண்டாவது சான்றாக ஏற்க என்றும் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது.

அத்திருத்தம் அவ்வாண்டு நவம்பரில் நம் மாநிலத்திற்கும் வந்தது. டிசம்பர் 19-ஆம் நாள் வெளிவந்த வரைவில் 97 லட்சத்திற்கு மேற்பட்ட பெயர்கள் இல்லை. இறந்தார் பெயரை நீக்குதல் நன்றே. கள்ளவாக்கின் வேர் அங்கேதான் உள்ளது. குடிபெயர்ந்தார் என்று எழுதப்பட்டவர்தாம் எம் கவலை. பிழைப்புக்காகப் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் சென்று, திருவிழாவுக்கும் தேர்தலுக்கும் ஊர் திரும்புவோர் எவ்வூரார்? அவர்தம் பூட்டிய கதவைக் கண்டு 'இல்லை' என்று எழுதிவிடின், அவர் அங்கும் இல்லை, இங்கும் இல்லை என்றாவர்.

ஒன்றை மட்டும் நன்றாக நினைவிற் கொள்ளுங்கள். கையில் அட்டையிருந்தாலும் பட்டியலிற் பெயரில்லாதவர் வாக்களித்தல் இயலாது. பட்டியலிற் பெயருள்ளவர் அட்டையில்லாவிடினும் வேறு சான்று காட்டி வாக்களிக்கலாம். எம்மிடம் வந்து அட்டையைக் காட்டி வழக்காடினோர் பலர்க்கு இவ்வேற்றுமை தெரிந்திருக்கவில்லை.

நம் சங்கத்தாரிடம் யாம் வேண்டிக்கொள்வன சில. மணமாகி இவ்வூர்க்கு வந்த மருமகளிர் பலர்க்குப் பெயர் இன்னும் பிறந்த ஊரில் இருக்கின்றது, தலைப்பெழுத்தோ மாறியிருக்கின்றது. கணவனை இழந்து மகன் வீட்டிற்கும் மகள் வீட்டிற்கும் மாறி மாறி வாழும் தாய்மார் பெயர் எங்கும் இல்லாமற் போகின்றது. அவர்க்காக யாரும் படிவம் எழுதுவதில்லை. பதினெட்டு நிரம்பிய பிள்ளைகள் கைப்பேசியில் ஆயிரஞ் செய்வர், இதனைச் செய்யார். புதிதாகச் சேர்தற்கு ஆறாம் படிவம். பிழை திருத்தத்திற்கும் முகவரி மாற்றத்திற்கும் புதிய அட்டைக்கும் எட்டாம் படிவம். பெயர் மறுக்கப்பட்டால் மாவட்ட ஆட்சியரிடமும், பின்பு மாநிலத் தலைமைத் தேர்தல் அலுவலரிடமும் முறையிடலாம். 1950 என்னும் எண்ணுக்குத் தொலைபேசி செய்தும் வினவலாம்.

நம் வாசகசாலையில் ஞாயிறுதோறும் மாலை 4 மணி முதல் 6 மணி வரை யாமும் ஆசிரிய நண்பர் இருவரும் அமர்ந்து இப்படிவங்களை எழுதித்தர இசைந்துள்ளோம். வேற்றுச் சாதியார் வந்தாலும் எழுதித் தருவோம். அதனை இப்போதே கூறிவிடுகின்றோம். யார்க்கு வாக்களிப்பீர் என்று வினவும் உரிமை எமக்கோ சங்கத்திற்கோ இல்லை, வினவமாட்டோம். மாதர் கிளையினர் தத்தம் தெருவிலுள்ள விதவைத் தாய்மார், புதிய மருமகளிர், வெளியூரில் வேலை செய்வோர் ஆகியோர் பெயர்களை எழுதி, அடுத்த திங்கட் கூட்டத்திற்குள் செயலாளரிடம் சேர்ப்பிக்க வேண்டுகின்றோம். அட்டையில் பிழையுள்ளோர் அதன் படியொன்றும், பிறந்த தேதி குறித்த பள்ளிச் சான்று இருப்பின் அதுவும் உடன் கொண்டுவருக. பள்ளிச் சான்று கிடைக்காதவர் எம்மிடங் கூறின், பழைய மாணவர் பதிவேட்டைத் தேடித்தர எம் தலைமையாசிரியர் உடன்பட்டுள்ளார்.